சத்து கதைத்த தமிழ்

பொறாமை எனக்குப் பண்ணைப் பாலத்திலேயே தொடங்கிவிட்டது.

யாழ்ப்பாணத்திலிருந்து ஊர்காவற்றுறை போகும் பஸ். இரண்டு பக்கமும் கடல், நடுவில் தார் ரோட்டு. கொண்டக்டர் வந்து என்னைத் தாண்டி, ஜன்னலோரம் இருந்த சத்துவைப் பார்த்து, "மடம், வெயார் கோ?" என்றார். அவள் அவசரப்படவில்லை. வாயைத் திறக்குமுன் சொற்களை உள்ளே ஒருமுறை அடுக்கிப் பார்ப்பது அவளுடைய பழக்கம். பிறகு சொன்னாள்: "புளியங்கூடல். ரண்டு பேர், அண்ணை."

பஸ் முழுக்கத் திரும்பியது.

"அண்ணை எண்டெல்லே சொல்லுது!" என்றார் பின்னால் இருந்த ஒரு பெண். "இன்னொருக்காச் சொல்லுங்கோ பிள்ளை." சத்து இன்னொருமுறை சொன்னாள். மீன் பெட்டியோடு நின்றவர் சிரித்தார். கொண்டக்டர் ரிக்கெற்றைக் கிழித்து இரண்டு கையாலும் அவளிடம் கொடுத்தார். எனக்கு அவர் எதையும் இரண்டு கையால் கொடுத்ததில்லை. எத்தனை வருடம் அந்தப் பாதையில் பள்ளிக்கூடம் போய்வந்தவள் நான்.

பின்லாந்தில் தம்பெரே என்ற நகரத்தில் நான் முதன்முதல் பின்னிஷ் மொழியில் பஸ் ரிக்கெற் கேட்ட நாள் நினைவுக்கு வந்தது. தரிப்பிடத்தில் பனிக்குள் நின்று இருபது நிமிடம் ஒரே வசனத்தைச் சொல்லிப் பார்த்திருந்தேன். வேற்றுமை உருபு எல்லாம் சரி. பஸ் வந்தது, ஏறினேன், சொன்னேன். சாரதி அழகாகச் சிரித்து நல்ல ஆங்கிலத்தில் பதில் சொன்னார். அவர் கெட்ட மனிதர் அல்ல, எனக்கு உதவிதான் செய்தார். அந்த உதவி அதன்பிறகு இரண்டு வருடம் என்னை விட்டுப் போகவேயில்லை. கடையில், நூலகத்தில், பல் வைத்தியரிடம், எங்கே போனாலும் என்னுடைய அரை வசனம் முடியுமுன் எல்லோரும் அன்போடு ஆங்கிலத்துக்கு மாறிவிடுவார்கள். அந்த ஊரில் என்னிடம் ஆங்கிலத்தில் கதைக்காதது நாய்கள் மட்டும்தான்.

சத்து அந்த நாட்டுக்காரி, என்னோடு படிப்பவள். ஒரே வீட்டில் இருக்கிறோம், ஒரே குசினி. குடிநீரைச் சுத்திகரிக்கும் படிப்பு. என் ஆய்வுக்குத் தீவுப்பகுதிக் கிணறுகளின் உப்பை அளக்க வேண்டியிருந்தது. கோடை விடுமுறையில் ஊருக்கு வெளிக்கிட்டபோது, "நானும் வரட்டா? தண்ணீர்ப் போத்தல் தூக்குவேன்" என்றாள். சந்தோஷமாகத்தான் ஓமென்றேன்.

அவளுடைய தமிழ் எங்கள் குசினியில், நான் கொண்டுபோன மிளகாய்த்தூள் பைக்கற்றில் தொடங்கியது. அதிலிருந்த எழுத்துகள் வட்டம் வட்டமாக அழகாக இருக்கின்றன என்று ஒருநாள் கேட்டாள், சொல்லிக் கொடுத்தேன். பிறகு போனில் ஏதோ பாடம் இறக்கினாள். பிறகு கொப்பி வாங்கினாள். ஒரு வருடத்தில் வசனம் வந்துவிட்டது.

இதில் எனக்கு எரிச்சல் என்னவென்றால், பின்னிஷ் உண்மையில் எனக்கு வரவேண்டிய மொழி. துலி என்றால் நெருப்பு, தூலி என்றால் காற்று, துல்லி என்றால் சுங்கம். வகுப்பில் ஸ்பெயின்காரனுக்கும் பாகிஸ்தான்காரிக்கும் இந்த மூன்றும் ஒன்றாகக் கேட்டன. எனக்கு முதல்நாளே பிரித்துக் கேட்டது. குறிலும் நெடிலும் இரட்டித்த மெய்யும் எங்களுக்குப் புதிதா என்ன? ஆசிரியை வகுப்புக்கு முன்னால் என்னைப் பாராட்டினார். ஆனால் காதுக்கு வந்தது வாய்க்கு வரவில்லை. பேச்சுப் பரீட்சையில் இரண்டுமுறை தோற்றேன். ஆகஸ்ட் கடைசியில் மூன்றாவது முறை. அதில் சித்தியடையாவிட்டால், படிப்பு முடிய எனக்கென்று பேசி வைத்திருந்த வேலை இல்லை. பின்னிஷுக்கு என் காது போன அதே வழியால், எதிர்ப்பக்கமிருந்து தமிழுக்கு வந்தவள் சத்து. அவள் வந்து சேர்ந்துவிட்டாள், நான் இன்னும் பாதி வழியில் நிற்கிறேன்.

வீட்டு வாசலில் அம்மா நின்றார்.

"வணக்கம் அன்ரி. நான் சத்து."

உண்மையில் அவள் பெயரில் ஒரு 'த்' மட்டும்தான், இரட்டிப்பு இல்லை. நான் முதல் மாதம் அழுத்திச் சொல்லி, அவளிடமே திருத்தம் வாங்கியிருக்கிறேன். அம்மாவுக்கு அவள் தானே அழுத்திச் சொன்னாள்.

"சத்தோ? நல்ல பேர்தான். பயணம் எப்பிடி? களைச்சுப் போனீரோ?"

"ஓம்" என்று மூச்சை உள்ளே இழுத்துச் சொன்னாள் சத்து. பின்லாந்துக்காரர் சிலர் அப்படித்தான், 'ஆம்' என்பதை மூச்சை இழுத்துக்கொண்டே சொல்வார்கள். தமிழுக்கும் அதைக் கொண்டுவந்திருந்தாள்.

அம்மா என்னை ஒரு பக்கமாகக் கூப்பிட்டார். "பிள்ளைக்கு இழுப்பு வருத்தமோ? தூசிக்குள்ளை கூட்டிக்கொண்டு திரியாதை."

நான் விளக்கினேன். அம்மா நம்பியதாகத் தெரியவில்லை, அவளுக்கு மல்லித்தண்ணி அவித்துக் கொடுத்தார். இராச்சாப்பாடு இடியப்பமும் சொதியும் கத்தரிக்காய்ப் பால்கறியும். இரண்டு வருடம் காலையில் ஓட்ஸ் கஞ்சியும் மத்தியானம் கறுப்புப் பாணும் தின்ற வாய் என்னுடையது. ஆனால் கறிச்சட்டி சத்துவின் பக்கம்தான் போய்ப்போய் வந்தது. "காணும் அன்ரி" என்று கையால் மறித்தாள் அவள். "என்ன அன்ரி? அம்மா எண்டு கூப்பிடும்" என்றார் அம்மா.

நான் சொதியை நானே எடுத்து ஊற்றிக்கொண்டேன்.

அடுத்தநாள் வேலணையில் கிணறு கிணறாகப் போனோம். என்னிடம் உப்பை அளக்கும் கருவியும் ஒரு கேள்விக்கொத்தும் இருந்தன. முதல் வீட்டில் வெங்காயத் தோட்டம் செய்கிற ஒருவர். என்னைக் கண்டதும், "நீர் ஆற்றை மகள்?" என்றார். சொன்னேன். அப்பா கிளிநொச்சியில் வேலை செய்வதும் அவருக்குத் தெரிந்திருந்தது. கிணற்றைப் பற்றிக் கேட்டேன். "எல்லாக் கிணறும் மாதிரித்தான்" என்றார். எழுதுவதற்கு ஒன்றுமில்லை.

சத்து கிணற்றுக் கட்டைப் பிடித்து எட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "உங்கடை கிணறு எப்பிடி இருக்கிறார்?"

நான் திருத்த வாயெடுத்தேன். அந்த மனிதர் முந்திக்கொண்டார். சிரிக்கவில்லை, மிகவும் கவலையான முகத்தோடு சொன்னார்: "அவருக்குச் சுகமில்லைப் பிள்ளை. மாசி பங்குனி மட்டும் நல்லா இருந்தவர். வைகாசியோடை உப்பாப் போனார்."

"முந்தியும் அப்பிடியோ?"

"முந்தி ஆடி மட்டும் தாக்குப் பிடிச்சவர். இப்ப வரவர ஏலாமல் போகுது அவருக்கு."

அரைமணி நேரம் கதைத்தார். எந்த மாதத்தில் தண்ணீர் மாறுகிறது, எத்தனை முழத்துக்கு இறங்குகிறது, பக்கத்துக் காணியில் ஆழக் கிண்டியதால் என்ன நடந்தது, எல்லாம். என் ஆய்வுக்கு வேண்டியது அதுதான். எழுத எழுதக் கை வலித்தது. எங்கள் ஊர் மனிதரிடம், என் தாய்மொழியில், என் கேள்விக்கு வராத பதில் அவளுடைய பிழைக்கு வந்தது. வீட்டுக்குத் திரும்பும்போது சத்து, "கிணறுக்கு 'இருக்கிறது' சொல்ல வேணும், இல்லையா? ஏன் நீ சொல்லவில்லை?" என்று கேட்டாள். மறந்துபோனேன் என்றேன்.

மூன்றாம் நாள் நயினாதீவு. குறிகட்டுவான் துறையில் வெயில் மண்டையைப் பிளந்தது. விகாரைக்குப் போகிற சிங்களக் குடும்பங்கள், அம்மனுக்கு நேர்த்தி வைத்துப் போகிற எங்கள் ஆட்கள், எல்லோரும் ஒரே நிழலுக்குள் நெருக்கிக்கொண்டு நின்றார்கள். வெள்ளைச் சேலை கட்டிய ஒரு சிங்கள அம்மா என் கையைத் தொட்டு, தேடித்தேடித் தமிழில் கேட்டார்: "தங்கச்சி... போட்... எத்தினை மணி?"

"ட்வெல்வ் ஓ'க்ளொக்" என்றேன் நான். "தே ஆர் லேட் டுடே."

அவர் முகத்தில் ஏதோ அணைந்தது. தலையாட்டிவிட்டு மற்றப் பக்கம் திரும்பினார். அந்த முகத்தை எனக்குத் தெரியும். தம்பெரே பஸ்ஸின் கண்ணாடியில் நான் பார்த்த முகம் அது. அந்தச் சாரதி எனக்குச் செய்ததை அப்படியே நான் அவருக்குச் செய்திருந்தேன். அதே சிரிப்போடு. அந்த அம்மாவுக்கு ஆங்கிலமும் தெரியாது போல.

நான் தமிழில் திருப்பிச் சொல்ல நினைப்பதற்குள் சத்து அவர் பக்கத்தில் போய் நின்றாள். "பன்ரண்டு மணி" என்றாள், ஒவ்வொரு எழுத்தாக.

"பன்... ரண்டு" என்றார் அவர். விரலை மடக்கி ஒன்றிலிருந்து எண்ணினார். எட்டுக்குப் பிறகு பத்துக்குத் தாவினார். சத்து ஒன்பதைச் சொல்லிக் கொடுத்தாள். வேற்றூர்க்காரியும் தெற்கத்தி அம்மாவும் எங்கள் துறையில் எங்கள் மொழியில் எண் படித்துச் சிரித்துக்கொண்டு நின்றார்கள். எனக்குச் சிங்களத்தில் இருபதுக்கு மேல் எண்ணத் தெரியாது. அதையும் அன்றைக்குத்தான் யோசித்தேன். வெட்கமாக இருந்தது. ஆனால் உண்மையைச் சொன்னால், வெட்கத்தைவிடப் பொறாமைதான் கூட இருந்தது. கோயில் அன்னதான மடத்தில் சோறு தந்தவர் சத்துவின் இலையில் இரண்டாம் முறை பாயசம் விட்டபோது நான் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நான்காம் நாள் நெடுந்தீவு. அம்மாவும் வெளிக்கிட்டு நின்றார். "திரேசாவைக் கண்டு கனகாலம்" என்றார். திரேசா அம்மாவோடு படித்தவர், நெடுந்தீவில் மாடு வளர்க்கிறார். ஆனால் அம்மா எங்களோடு வந்தது திரேசாவுக்காக மட்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. போட்டில் அவர் இருந்தது சத்துவுக்குப் பக்கத்தில்.

சோளகக் காற்று. ஒரு மணி நேரமும் போட் தூக்கித் தூக்கிப் போட்டது. நெடுந்தீவில் இறங்கி ஓட்டோ பிடித்தோம். கல் மதில்களுக்கு நடுவே இரண்டு கிணறு பார்த்து முடித்து மூன்றாவதுக்குப் போகும்போது ரயர் காற்றுப் போனது. ஓட்டோக்காரர் ஜாக்கியை வைத்துக்கொண்டே சத்துவிடம் கேட்டார்: "பங்சர் எண்டு உங்கடை பாஷையிலை என்னெண்டு சொல்லுறது, அக்கா?"

"ரெங்கஸ்ரிக்கோ."

"ரெங்கஸ்ரிக்கோ" என்றார் அவர். அட்சரம் பிசகவில்லை. 'ர'கரம் உருண்டது, 'க்கோ' அழுத்தமாக விழுந்தது. சைக்கிளில் போன ஒருவர், "என்ன நடந்தது?" என்று கேட்டபோது, "ரெங்கஸ்ரிக்கோ அண்ணை, ரெங்கஸ்ரிக்கோ" என்று சொல்லி அவரையும் சொல்ல வைத்தார். தம்பெரேயில் நானும் சைக்கிள்தான் ஓடுகிறேன். இரண்டுதரம் காற்றுப் போய்த் தள்ளிக்கொண்டு நடந்திருக்கிறேன். அந்தச் சொல் எனக்குத் தெரிந்திருக்கவில்லை. ஓட்டோக்காரரைப் பார்த்தும் பொறாமைப்பட வேண்டிய நிலைமைக்கு வந்திருந்தேன்.

ரயர் மாற்றித் திரேசாவின் வீட்டுக்குப் போனபோது ஒடியல் கூழ் தயாராக இருந்தது. நண்டும் திருக்கையும் போட்டு, பலாவிலை கோலிக் குடிக்கத் தந்தார். சாப்பிட்டு முடியத்தான் செய்தி வந்தது. காற்றுக் கூடிவிட்டது, பின்னேரப் போட் ஓடாது, நாளைக் காலைதான்.

பின்னேரம் முற்றத்துப் பூவரச நிழலில் கதிரைகளைப் போட்டு இருந்தோம். சத்து கொப்பியை எடுத்தாள். அவளுடைய பாடம் 'கேள்வி கேட்டல்' என்ற இடத்துக்கு வந்திருந்தது.

"நீங்கள் எத்தனை மொழி பேசுவீங்கள்?" என்று திரேசாவைக் கேட்டாள்.

"பேசுறதெண்டால் இஞ்சை ஏசுறது" என்றார் அம்மா. "கதைக்கிறது எண்டு சொல்லும்."

சத்து எழுதிக்கொண்டு திருத்திக் கேட்டாள். திரேசா மாட்டுக்கு வைக்கோல் உதறியபடி, "மாட்டோடை ஒண்டு, மனிசரோடை ஒண்டு" என்றார். சிரித்தோம். பிறகு கேள்வி அம்மாவிடம் வந்தது.

"தமிழ்" என்றார் அம்மா. "சிங்களம் கொஞ்சம், கந்தோர் அலுவலுக்கு. இங்கிலீசு வாசிச்சால் விளங்கும்." நிறுத்தினார். சேலைத் தலைப்பை மடியில் நேராக்கினார். "பிரெஞ்சும் கொஞ்சம் தெரியும்."

"அம்மா, பகிடி விடாதேங்கோ" என்றேன்.

அம்மா என்னைப் பார்க்கவில்லை. பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி நிமிர்ந்து இருந்து, முன்னால் இருந்த கல் மதிலைப் பார்த்துக்கொண்டு, மூன்று வசனம் சொன்னார். அம்மாவின் குரல்தான். ஆனால் மூக்குக்குள்ளிருந்து வந்த அந்த ஒலிகளை நான் அந்த வாயிலிருந்து ஒருநாளும் கேட்டதில்லை.

சத்து கொப்பியை மூடினாள். அவள் பள்ளியில் ஆறு வருடம் பிரெஞ்சு படித்தவள். "அம்மா சொன்னது சரி" என்று என்னிடம் தமிழில் மெதுவாகச் சொன்னாள். "'என் பெயர் மாலினி. நான் கொழும்பில் இருக்கிறேன். என் கணவர் பாரிசில் இருக்கிறார்.'"

அப்பாவின் கால் இந்தியாவைத் தாண்டி எங்கும் பட்டதில்லை.

அம்மா சொல்லத் தொடங்கினார். சத்துவுக்கு விளங்க வேண்டும் என்பதற்காக, லேசான சொற்களாகப் பொறுக்கி, ஒன்றையும் விடாமல் சொன்னார். எனக்குச் சொல்வதென்றால் இரண்டு வரியில் முடித்திருப்பார். எனக்குத் தெரியுமென்று பாதியை விட்டுவிடுவார், தெரியுமென்று நானும் கேட்காமல் இருந்திருப்பேன். சத்துவுக்குக் கலியாணப் பேச்சுக்கால் என்றால் என்ன என்பதிலிருந்து சொல்ல வேண்டியிருந்தது.

இருபத்திரண்டு வயதில் பிரான்ஸில் இருந்த ஒருவரை அம்மாவுக்குப் பேசி முடித்திருக்கிறார்கள். விசாவுக்காகக் கொழும்பில் போய் இருந்திருக்கிறார். வெள்ளவத்தையில் ஒரு அறை, அதேமாதிரிக் காத்திருந்த இன்னும் நாலு பெண்கள். கடையொன்றின் மேல்மாடியில் பிரெஞ்சு வகுப்பு. எட்டு மாதம். எம்பசியில் கேட்டால் சொல்வதற்கென்று, கலியாணம் ஆகுமுன்பே 'என் கணவர்' என்று சொல்லப் பழக்கியிருக்கிறார்கள். நாலு பெண்களும் ஒவ்வொருவராகப் பறந்துவிட்டார்கள். அம்மாவுக்கு வந்துகொண்டிருந்த கடிதம் நின்றது. பிறகு ஒரு செய்தி வந்தது, அவர் அங்கேயே ஒருத்தியைக் கட்டிவிட்டார் என்று.

"கவலையோ?" என்று கேட்டாள் சத்து. அவளிடம் அந்தச் சொல்தான் இருந்தது. அதைச் சுற்றி வளைத்துக் கேட்க அவளிடம் வேறு தமிழ் இல்லை.

"அந்த மனிசனுக்காகவோ? இல்லைப் பிள்ளை. படத்திலை ஒருக்காப் பாத்தனான், அவ்வளவுதான்." அம்மா கொஞ்சம் யோசித்தார். "பாஷைக்குத்தான். பாடமாக்கினதெல்லாம் வாய்க்குள்ளை கிடந்தது. கிணத்தடியிலை நிண்டு தனியச் சொல்லிப் பாக்கிறனான். பேந்து இவள் பிறந்தாள், விட்டிட்டன்."

திரேசாவுக்கும் இது தெரிந்திருந்தது, வைக்கோல் உதறுவதை அவர் நிறுத்தவில்லை.

"எனக்கு ஏன் சொல்லேல்லை?" என்றேன்.

"நீ கேக்கேல்லை" என்றார் அம்மா. "அப்பாவுக்குத் தெரியும்."

அவர் கோபமாகச் சொல்லவில்லை. அன்றைய பொழுது முழுக்க அம்மாவும் சத்துவும் பிரெஞ்சில் கதைத்தார்கள். பசு, பால், கதவு, நாளைக்கு, காற்று. மறந்த சொல் ஒவ்வொன்றாகத் திரும்ப வரும்போது அம்மா கையைத் தட்டினார். எனக்கு முன்னால் என் அம்மா இருபத்திரண்டு வயதுக்காரியாக இருந்து சிரித்தார், அதை விளங்கிக்கொள்ள இன்னொருத்தி வேண்டியிருந்தது. தண்ணீர்ப் போத்தல்களுக்குப் பெயர் ஒட்டுகிறேன் என்று நான் உள்ளே போய் இருந்துவிட்டேன். ஒட்டுவதற்குப் பன்னிரண்டு போத்தல்தான் இருந்தது.

காலையில் காற்றுத் தணிந்திருந்தது. அம்மா திரேசாவிடம் விடைபெற்றுக்கொண்டு நிற்க, நானும் சத்துவும் போத்தல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு முதலில் துறைக்கு வந்தோம். பெட்டியைக் கீழே வைத்ததும் சத்து ஆங்கிலத்தில் கேட்டாள்: "தர்சினி, உன் அம்மா எவ்வளவு அருமையான ஆள். நீ ஏன் அவரிடம் ஒன்றுமே கேட்டதில்லை?"

ஆங்கிலத்தில் பதில் சொல்லத் தொடங்கினேன். ஆங்கிலத்தில் என் கோபம் எப்போதும் அலுவலகக் கடிதம் மாதிரித்தான் வரும். 'எனக்கு அது கொஞ்சம் சங்கடமாக இருக்கிறது' என்ற அளவில் நின்றுவிடும். எனக்கு அது போதவில்லை. தமிழில் ஏசினால் துறை முழுக்க விளங்கிவிடும். அடுத்து வாயில் வந்தது பின்னிஷ்.

"அவ என்ரை அம்மா!"

பாடப்புத்தகத்தில் 'என்னுடைய தாயார்' என்பதுபோல நீட்டி முழக்கிச் சொல்லித் தந்திருந்தார்கள். அந்த ஊரில் ஒருவரும் அப்படிச் சொல்வதில்லை. 'முன் ஐத்தி' என்பார்கள், சரியாக எங்கள் 'என்ரை அம்மா' மாதிரி. இரண்டு வருடமாக வராத அந்தக் குறுக்கம் அன்றைக்கு யோசிக்காமல் வந்தது.

"பஸ்ஸில் உன்னைக் கொண்டாடினார்கள், கிணற்றடியில் கொண்டாடினார்கள், இப்போது என் அம்மாவையும் எடுத்துக்கொண்டாய்" என்றேன். "நீ பிழைவிட்டால் எங்கள் ஆட்கள் உன்னைத் தோளில் தூக்குகிறார்கள். நான் உன் ஊரில் ஒரு எழுத்துப் பிழைவிட்டால் எல்லோரும் ஆங்கிலத்துக்கு ஓடுகிறார்கள். நீயும்தான்!"

"நானா?" சத்துவின் முகம் சிவந்தது. அவளும் பின்னிஷில்தான் கத்தினாள். "ஒவ்வொரு காலையும் குசினியில் உனக்கு நான் எந்த மொழியில் காலை வணக்கம் சொன்னேன்? நீ எந்த மொழியில் பதில் சொன்னாய்? ஒரு வருடம் பார்த்தேன். உனக்கு எங்கள் மொழி வேண்டாமென்று நினைத்து நிறுத்தினேன்."

"எனக்கு வெட்கமாக இருந்தது!"

"அதை நீ சொன்னாயா? எனக்கு எப்படித் தெரியும்?"

அது உண்மை. உண்மையாக இருந்ததால் இன்னும் கோபம் வந்தது. நான் கத்தினேன். உருபுகள் எங்கெங்கோ போய் ஒட்டின, வினைகள் தலைகீழாக நின்றன. அவள் ஒன்றையும் திருத்தவில்லை. வகுப்பில் கதைப்பதுபோல நிறுத்தி நிதானமாகவும் கதைக்கவில்லை. தன் கிராமத்துப் பேச்சில், சொற்களின் வாலை விழுங்கி, முழு வேகத்தில் திருப்பித் தந்தாள். நான் அவளைக் கூட்டிக்கொண்டு வந்ததே பெட்டி தூக்கத்தான் என்றாள். நன்றி கெட்டவள் என்று நான் நினைத்த சொல்லுக்குப் பதிலாக 'நன்றாகக் கெட்டவள்' என்பதுபோல ஏதோ சொன்னேன் என்று நினைக்கிறேன். எப்படியோ அவளுக்குப் பட்டது.

பரீட்சை என்னவாயிற்று என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஆகஸ்ட் கடைசியில் சித்தியடைந்தேன், மட்டுமட்டாக. என் பேச்சில் கிராமத்து வாடை அடிக்கிறதென்று சோதனை எடுத்த பெண்மணி குறிப்பு எழுதியிருந்தார். அது சத்துவின் கிராமம்.

"தங்கச்சியவை!" போட்டிலிருந்து ஒருவர் கூப்பிட்டார். "போட் வெளிக்கிடப் போகுது. ஏறிப்போட்டு மிச்சத்தைப் பிடியுங்கோ."

திரும்பினேன். துறையில் நின்றவர்கள் எல்லோரும் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு முன்னால் அம்மா, கையில் திரேசா தந்த தயிர்ச் சட்டியோடு. எவ்வளவு நேரமாக நின்றாரோ.

சத்து போத்தல் பெட்டியோடு முன்பக்கம் போய் இருந்தாள், எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. அம்மா என் பக்கத்தில் இருந்தார். கரை தூரமான பிறகுதான் கேட்டார்.

"என்னைப் பற்றித்தானே சண்டை?"

"இல்லை."

"ஐத்தி, ஐத்தி எண்டு கேட்டது. அம்மா எண்டுதானே அது? அந்தப் பிள்ளை சொல்லித் தந்தது எனக்கு."

தயிர்ச் சட்டி சரியாமல் அம்மா இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார்.

"நல்லாக் கதைக்கிறாய் நீ அந்தப் பாஷை" என்றார். "மூச்சு விடாமல் கதைச்சாய். பாத்துக்கொண்டு நிண்டனான். எனக்குப் பொறாமையாக் கிடந்தது."

"உங்களுக்கோ?"

"பின்னை? எட்டு மாசம் படிச்சனான். அந்தப் பாஷையிலை ஒரு சண்டை பிடிக்கக் கிடைக்கேல்லை எனக்கு. ஒரு கடைக்காரனோடை எண்டாலும்."

அலையில் போட் ஒருமுறை எழும்பி விழுந்தது. நான் எழுந்து கம்பியைப் பிடித்துப் பிடித்து முன்பக்கம் போனேன். சத்து திரும்பிப் பார்க்கவில்லை. "அம்மா உன்னைக் கூப்பிடுகிறார்" என்றேன் பின்னிஷில். "பிரெஞ்சில் சண்டை பிடிக்க வேண்டுமாம்."

அவள் பெட்டியை என் கையில் தந்துவிட்டு எழுந்து போனாள். நான் அங்கேயிருந்து பார்த்தேன். அம்மா தயிர்ச் சட்டியைக் காலுக்கு நடுவில் இறுக்கி வைத்தார், இடுப்பில் கையை ஊன்றினார், காற்றுக்கு மேலாக ஏதோ உரத்துக் கேட்டார். சத்து அதைவிட உரத்துப் பதில் சொன்னாள். அம்மா விரலை நீட்டினார். போட்டில் இருந்தவர்கள் மறுபடியும் திரும்பினார்கள்.

எனக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. பொறாமையாகத்தான் இருந்தது.